தோலோடு நின்றுவிடாத நோய்

உயிரைப் பறிக்கும் நோய்களுக்கே சுகாதாரத்துறையின் கவனமும் பொதுமக்களின் அனுதாபமும் முதலில் கிடைக்கின்றன. இது இயல்பானதே. எனினும், உயிரை உடனடியாகப் பறிக்காது வாழ்வின் தரத்தை நாளுக்குநாள் அரித்தெடுக்கும் நோய்களும் உள்ளன. சொரியாசிஸ் எனும் தோல் நோயுடன் இணைந்து வரும் மூட்டுவாதம் அவற்றுள் ஒன்றாகும்.

சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை எனக் குறிப்பிடப்படும் சொரியாசிஸ், தோலில் சிவந்த தடிப்புகளையும் வெண்ணிறச் செதில்களையும் தோற்றுவிக்கின்றது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி தனது சொந்த இழையங்களையே தாக்குவதால் ஏற்படும் இந்நோய், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதில்லை. இது தொழுநோயுமல்ல. இந்நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரையில் மூட்டுவாதத்திற்கும் ஆளாகின்றனர் என மதிப்பிடப்படுகின்றது. பெரும்பாலானோருக்குத் தோல் நோய் தோன்றிப் பல வருடங்களின் பின்னரே, அதாவது 30 வயதிற்கும் 50 வயதிற்கும் இடையில், மூட்டுகள் பாதிப்படைகின்றன. குடும்பத்தைத் தாங்கி உழைக்க வேண்டிய வயதும் அதுவேயாகும்.

காலையில் எழும்போது மூட்டுகள் இறுகிப்போயிருக்கும். ஒரு விரல் முழுவதுமாகத் தடித்து வீங்கும். குதிகாலை நிலத்தில் ஊன்ற முடியாத வலி ஏற்படும். இவற்றுடன் உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பும் சேர்ந்துகொள்கின்றது. கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும், வலை இழுக்கும் மீனவருக்கும், தையல் இயந்திரத்தை நம்பி வாழும் பெண்ணுக்கும் விரல்களே மூலதனம். அவை மடங்க மறுக்கும் நாளில் வருமானமும் நின்றுவிடுகின்றது.

உடல் வேதனையிலும் கொடியது ஊரார் பார்வையாகும். சஹனைச் சுற்றியிருந்து உண்ணும் விருந்தில் தமது கையைக் கண்டு பிறர் ஒதுங்குவார்களோ என்று அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடுவோர் உள்ளனர். சுஜூது செய்ய இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. ஆனாலும், அயலவரின் கேள்விகளுக்குப் பதில் கூற முடியாது பள்ளிவாசலுக்குச் செல்வதைக் குறைத்துக்கொள்கின்றனர். கோயில் திருவிழாவில் மேலங்கியின்றி நிற்கக் கூசுவோரும், பெண்ணின் திருமணப் பேச்சு முறிந்துவிடுமென்று நோயை மறைக்கும் பெற்றோரும் எமது சமூகங்களில் இல்லாதவர்களல்லர். இந்நோயாளர்களிடையே மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதில் வியப்பேதுமில்லை.

சொரியாசிஸ் நோயாளர்கள் களங்கத்திற்கும் புறக்கணிப்பிற்கும் உள்ளாவதை 2014ஆம் ஆண்டு உலக சுகாதார மகாசபை தனது தீர்மானமொன்றின் மூலம் ஏற்றுக்கொண்டது. உறுப்பு நாடுகள் விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டுமென்றும் அது கேட்டுக்கொண்டது. தீர்மானம் நிறைவேறிப் பத்து வருடங்கள் கடந்துவிட்ட போதிலும், அதன் பயன் கிராமத்து நோயாளியைச் சென்றடைந்துள்ளதா என்பதே எமது கேள்வியாகும்.

இந்நோயில் காலதாமதம் பெரும் கேடாகும். சிகிச்சை பெறுவதில் ஏற்படும் 6 மாத தாமதம்கூட மூட்டுகளில் நிரந்தரச் சிதைவை ஏற்படுத்தக்கூடும் என்பதை 2015ஆம் ஆண்டு வெளியான அயர்லாந்து ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஆயினும், தோலுக்கு ஒரு சிகிச்சைப் பிரிவிற்கும் மூட்டுக்கு வேறொரு பிரிவிற்கும் செல்லும் நோயாளி, இவையிரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை அறியாதிருக்கின்றார். வழமையான வாதநோய் இரத்தப் பரிசோதனையிலும் இது பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. ‘இரத்தத்தில் ஒன்றுமில்லை’ என்ற பதிலுடன் வலி நிவாரணியை நம்பியே மாதங்கள் கழிகின்றன.

எனவே, தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு சொரியாசிஸ் நோயாளியிடமும் மூட்டு வலி, காலை இறுக்கம், விரல் வீக்கம் என்பன பற்றி விசாரிப்பதும், நகங்களில் குழிகள் உள்ளனவா எனப் பார்ப்பதும் கட்டாய நடைமுறையாக்கப்பட வேண்டும். இதற்குப் புதிய கட்டிடமோ இயந்திரமோ தேவையில்லை. தூர இடங்களிலிருந்து வருவோருக்கு இரு பிரிவுகளையும் ஒரே நாளில் ஒழுங்கு செய்தால், ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

மருந்து விடயத்திலும் இரு குறைகள் உள்ளன. இந்நோய்க்குப் பரவலாக வழங்கப்படும் மெதோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு தடவை மாத்திரமே உட்கொள்ளப்பட வேண்டியதாகும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிராபத்து நேரலாம். இத்தகைய மருந்தின் உறையில் நோயாளிக்கு விளங்காத மொழியில் அறிவுறுத்தல் எழுதப்படுமாயின் விளைவு என்னவாகும்? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதன் பயன் பெயர்ப்பலகைகளோடு நின்றுவிடாது மருந்து உறைக்கும் வந்துசேர வேண்டும்.

மற்றையது விலையாகும். சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாதோருக்கு வழங்கப்படும் உயிரியல் ஊசி மருந்துகள் நடுத்தரக் குடும்பங்களுக்கே எட்டாக்கனியாகும். அவற்றுள் ஒன்றான அடாலிமுமாப் மருந்தின் மலிவான மாற்று வடிவம் 2014ஆம் ஆண்டிலேயே அண்டை நாடான இந்தியாவில் சந்தைக்கு வந்தது. தரத்தை உறுதிசெய்து இத்தகைய மருந்துகளைத் தடையின்றிப் பெற்றுத்தர சுகாதார அமைச்சு வழிகாண வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் நீண்டகால நோயாளர்கள் பட்ட துன்பத்தை நாடு மறந்துவிடலாகாது.

அரசாங்கத்தின் கடமை இதுவெனில், சமூகத்திற்கும் கடமையுண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பில் பாரபட்சம் காட்டலாகாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. விரல்கள் முடங்கிய ஊழியரைப் பதவி விலகச் செய்வதற்கு முன்னர், அவருக்கேற்ற வேலையை வழங்க முடியுமா எனத் தொழில்தருநர்கள் சிந்திக்க வேண்டும். இது தொற்றுநோயல்ல என்பதைப் பாடசாலைகளிலும், ஜும்ஆ பிரசங்கங்களிலும், ஆலய நிகழ்வுகளிலும் எடுத்துக்கூறுவதற்குச் செலவேதுமில்லை. முற்றாகக் குணப்படுத்த முடியாத நோயாயினும் கட்டுப்படுத்தக்கூடிய நோய் இது. மூட்டுகள் சிதைந்த பின்னர் இழந்ததை மீளப்பெறுவது அரிது. ஆதலால், சொரியாசிஸ் உள்ளோர் விரலிலோ குதிகாலிலோ தொடரும் வலியைச் சகித்துக்கொண்டிராது, தமது தோல் நோயையும் குறிப்பிட்டு உடனடியாக வைத்திய ஆலோசனை பெற வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.