மருத்துவரையும் பொறியாளரையும் யார் சந்திக்க வைப்பது?

1955இல் கேப்டவுன் நகரின் குரோட்டே ஸ்கூர் மருத்துவமனையில் இருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போனார். கதிரியக்கப் பொருள்களைக் கையாள வேண்டுமானால் தகுதிபெற்ற இயற்பியலாளர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். அந்த ஊரில் அணுக்கரு இயற்பியல் படித்தவர் என்று இருந்தவர் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆலன் கார்மாக் ஒருவர்தான். 1956இன் முதல் பாதியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் அவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார். புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை திட்டமிடப்படும் விதத்தைப் பார்த்தபோது அவருக்கு ஒன்று உறுத்தியது. எலும்பு, சதை, காற்று நிறைந்த நுரையீரல் என்று உடல் பலவகைப் பொருளால் ஆனது. கதிர்வீச்சின் அளவோ, உடல் முழுக்க ஒரே பொருள் என்று வைத்துக்கொண்டு கணக்கிடப்பட்டது. உடலைத் திறக்காமலே உள்ளே எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்குமா என்று யோசித்தார். இன்று தாலுகா தலைநகரங்கள்வரை வந்துவிட்ட சி.டி. ஸ்கேனுக்கு ஆதாரமான கணிதம் அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் பிறந்தது.

கார்மாக் தன் விடையை 1963, 1964ஆம் ஆண்டுகளில் பயன்பாட்டு இயற்பியல் இதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரைப் படி கேட்டு எழுதியவர்களில் குறிப்பிடத்தக்கது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையம். எக்ஸ்ரே மருத்துவர்கள் இயற்பியல் இதழைப் புரட்டுவதில்லை. புரட்டியிருந்தாலும் அந்தச் சமன்பாடுகளுக்குள் தங்கள் நோயாளி இருப்பதைக் கண்டுகொண்டிருக்க வழியில்லை.

இதே சிக்கலுக்கு லண்டனுக்கு அருகே இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தனியாக விடை தேடிக்கொண்டிருந்தார். கார்மாக்கின் கட்டுரைகள் அவருக்குத் தெரியாது. இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனமாகப் பேர்பெற்றது. அதன் ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் பிரிட்டன் சுகாதாரத் துறையின் அதிகாரிகள் அவருடைய யோசனையைப் பொறுமையாகக் கேட்டார்கள். எக்ஸ்ரே மருத்துவர்கள் சிலரிடம் அவரை அழைத்துப்போய் அறிமுகம் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். 1971 அக்டோபர் 1ஆம் தேதி, அவர் பணியாற்றிய அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. 1979இல் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அறிமுகம் செய்துவைத்த அதிகாரிகளின் பெயர்கள் வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில்தான் இருக்கின்றன.

ஆய்வகத்தில் கண்டறிந்ததை நோயாளியின் படுக்கைவரை கொண்டுவந்து சேர்க்கும் ஆய்வைப் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. நிதி ஒதுக்கீடு, காப்புரிமை, புத்தொழில் நிறுவனங்கள் என்று பேச்சு விரிகிறது. வேறு துறையில் தனக்கேற்ற கூட்டாளியை ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி மட்டும் தனிமனிதரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த அலட்சியத்தின் விலை பெரிது. கார்மாக்குக்குக் கிடைத்தது வாரத்துக்கு ஒன்றரை நாள். ஹவுன்ஸ்ஃபீல்டுக்குக் கிடைத்தது அறிமுகம் செய்துவைக்க ஓர் ஆள். இந்த இரண்டையும் தற்செயலுக்கு விடாமல் நிறுவனங்களே ஏற்பாடு செய்து தர முடியும், தர வேண்டும்.

முடியும் என்பதற்குத் திருவனந்தபுரத்தில் சான்று இருக்கிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்தை 1970களில் கட்டியெழுப்பிய இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், மருத்துவமனையோடு நிற்கவில்லை. பூஜப்புரையில் பழைய அரண்மனை ஒன்றில் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவையும் தொடங்கினார். கீல்வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன இளம் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க அவர்களிடம் பணமில்லை. உள்நாட்டிலேயே செய்துவிடலாம் என்று தீர்மானித்தது எளிது. செய்வதற்கு உலோகவியலாளர், இயந்திரப் பொறியாளர், பாலிமர் வேதியியலாளர், கால்நடை மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர் என்று ஒரு படையே வேண்டியிருந்தது. பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் அந்தக் குழுவை வழிநடத்தினார்.

இதய வால்வு ஆண்டுக்கு ஏறக்குறைய 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். பல ஆண்டுகள் தேயாமல், உடையாமல், ரத்தம் உறையவிடாமல் இருக்க வேண்டும். முதல் மாதிரி பற்றவைப்பு இடத்தில் முறிந்தது. இரண்டாவதில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லால் செய்த வட்டு, ஆட்டின் இதயத்துக்குள் உடைந்துபோனது. ஒவ்வொரு தோல்வியும் வேறொரு துறைக்காரரின் கதவைத் தட்ட வைத்தது. கோபால்ட் உலோகக் கலவையில் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த சட்டம், அதனுள் பாலிஎத்திலீன் வட்டு என்று அமைந்த நான்காவது மாதிரி தேறியது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் உற்பத்தியை ஏற்றுக்கொண்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்புக்குள் அந்த வால்வு துடித்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வலியத்தானின் விடாமுயற்சியைப் புகழ்வார்கள். புகழட்டும், 2024இல் மறைந்த அவர் அதற்குத் தகுதியானவர். ஆனால் மூன்று மாதிரிகள் தோற்ற பிறகும் குழு கலையாமல் இருந்ததற்கு விடாமுயற்சி மட்டும் காரணமில்லை. பொறியாளருக்கும் மருத்துவருக்கும் சம்பளம் கொடுத்தது ஒரே நிறுவனம். வால்வு தோற்றால் பொறியாளர் தன் பல்கலைக்கழகத்துக்குப் போய், இத்தனை ஆண்டுகள் ஏன் கட்டுரை எழுதவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரே கூரை எல்லா ஆய்வுக்கும் வாய்க்காது. எம்.கே. பானின் அனுபவம் அப்படிப்பட்டது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் குழந்தை மருத்துவராக இருந்த அவர், பிறந்த குழந்தைகளுக்கான வார்டில் ரோட்டா வைரஸ் தொற்றிய சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கே வராமல் இருப்பதைக் கவனித்தார். அந்த வைரஸ் வகைதான் பின்னால் ரோட்டாவாக் தடுப்பூசியானது. அதற்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் என்று இரண்டு நாடுகளில் பரந்து கிடந்தவர்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், வேலூரில் பொறுப்பேற்றது சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி. 2015இல் தடுப்பூசி வெளிவந்தது. அடுத்த ஆண்டு தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. வார்டில் கண்ட ஒரு காட்சி சொட்டு மருந்தாக மாற ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். இந்திய-அமெரிக்கத் தடுப்பூசித் திட்டம் என்ற அரசு ஏற்பாடு 1987இலிருந்து இருந்ததால்தான், ஒருவர் ஓய்வுபெற்றாலும் மற்றொருவர் வேலையைத் தொடர முடிந்தது.

பான் 2004 முதல் 2012 வரை உயிரித்தொழில்நுட்பத் துறையின் செயலராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் எய்ம்ஸும் ஐ.ஐ.டி. டெல்லியும் ஸ்டான்ஃபோர்டுடன் சேர்ந்து ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கின. இளம் மருத்துவர், பொறியாளர், வடிவமைப்பாளர் ஆகியோரை ஒரு குழுவாக்கி, முதலில் வார்டுகளில் நின்று கவனிக்க வைத்தார்கள். எந்தக் கருவி தேவை என்பதை அங்கே கண்டறிந்த பிறகுதான் வரைபடத் தாளை எடுக்க வேண்டும். ஆய்வகத்தை நோயாளியோடு இணைப்பதற்கென்றே ஃபரீதாபாதில் ஒரு தேசிய நிறுவனமும் 2009இல் உருவானது. தனக்குப் பின்னால் வருபவர்கள் தன்னைப்போல முப்பது ஆண்டுகள் காத்திருக்கக் கூடாது என்று எண்ணிய ஒருவரின் வேலையாகத்தான் இவற்றைப் பார்க்கத் தோன்றுகிறது.

கூட்டாளிகளைத் தேடும்போது பலரும் கடைசியில் நினைப்பது புள்ளியியலாளரைத்தான். சோதனை முடிந்த பிறகு தரவுக் கோப்போடு வந்து நிற்கும் ஆய்வாளருக்குப் புள்ளியியலாளரால் பிரேதப் பரிசோதனைதான் செய்து தர முடியும் என்று 1938இல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ரொனால்டு ஃபிஷர் எச்சரித்தார். இன்றும் எத்தனையோ எம்.டி. ஆய்வேடுகள் அந்தப் பரிசோதனைக்குத்தான் போகின்றன. சென்னைக்கு இதில் நல்ல முன்மாதிரி உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வில் மெட்ராஸ் அரசு, ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்திருந்தன. எந்த நோயாளி சானட்டோரியத்துக்கு, எவர் வீட்டுக்கு என்பது தொடக்கத்திலேயே சீட்டுப்போட்டதுபோல் சார்பின்றிப் பிரிக்கப்பட்டது. வீட்டுக்கே போய் மருந்து சாப்பிடுவதைக் கண்காணித்த பணியாளர்களும் ஆய்வின் பகுதியாக இருந்தார்கள். வீட்டிலிருந்தபடி மருந்து எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்ற முடிவு 1959இல் வந்தது. உலகம் முழுவதும் காசநோய் சானட்டோரியங்கள் மூடப்பட அது வழிவகுத்தது.

அந்தச் சென்னை இன்று எப்படி இருக்கிறது? சர்தார் படேல் சாலையில் ஒரு மாலை நடந்து பார்க்கலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸ், அண்ணா பல்கலைக்கழகம், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் ஒரே சாலையை ஒட்டி வரும். சற்றுத் தள்ளி கிண்டியில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் கிங் நிறுவனமும் இருக்கின்றன. தோல் ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விலங்குத் தோலில் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து தீக்காயங்களை மூடும் படலங்களை உருவாக்கும் ஆய்வு அந்த நிறுவனத்தில் நீண்ட காலமாக நடந்துவருகிறது. இவ்வளவு அருகருகே இவ்வளவு அறிவு குவிந்த சாலைகள் நாட்டில் குறைவு. அந்தக் கட்டடங்களுக்குள் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கருத்தரங்க மேடையில் சந்திப்பதோடு நிறுத்திக்கொண்டால் அது பெரும் இழப்பு.

நல்ல தொடக்கங்கள் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி., ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து மருத்துவக் கருவிகளில் முனைவர் பட்டம் வழங்குகின்றன. பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்குப் பயிற்சி தரும் புளூட்டோ என்ற சிறு ரோபோவை சி.எம்.சி.யும் ஐ.ஐ.டி.யும் இணைந்து செய்தன. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2023இல் மருத்துவ அறிவியலுக்கென்றே தனித்துறை வந்துவிட்டது. ஹீமோஃபீலியா ஏ நோயாளிகள் 5 பேருக்கு மரபணு சிகிச்சை அளித்து, அதன்பின் ரத்தக்கசிவே இல்லாமல் அவர்கள் இருப்பதை சி.எம்.சி. மருத்துவர்களும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக அறிவியலாளர்களும் 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். மும்பையில் ஐ.ஐ.டி. பாம்பேயும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ரத்தப் புற்றுநோய் செல் சிகிச்சை 2023இல் ஒப்புதல் பெற்றது.

இவற்றில் பங்கேற்றவை எல்லாம் ஏற்கெனவே பெயர்பெற்ற நிறுவனங்கள். பேராசிரியருக்குப் பேராசிரியர் தொலைபேசியில் அழைத்தால் எடுப்பார்கள். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் நிலைமை வேறு. காலையில் ஓ.பி., பிறகு வார்டு, நடுவே வகுப்பு, இரவில் அவசர அழைப்பு என்று ஓடும் உதவிப் பேராசிரியருக்குத்தான் எந்தக் கருவி எங்கே பழுதாகிறது, எந்த நோயாளி எதனால் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது நன்றாகத் தெரியும். அதே மாவட்டத்தில் நாலைந்து பொறியியல் கல்லூரிகள் இருக்கும். மாணவர்கள் இறுதியாண்டுப் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பார்கள். இரு தரப்பும் சந்திக்க வழியே இல்லை. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று இரு தலைமைகளும் கையெழுத்திட்டுப் படமெடுத்துக்கொள்வது வழியாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ஒருபோதும் அந்த வார்டில் நிற்கப்போவதில்லை.

தேவையானவை பெரிய கட்டடங்கள் அல்ல. ஆய்வில் ஈடுபட விரும்பும் மருத்துவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓ.பி.யிலிருந்து விலக்கு வேண்டும். அந்த நாளில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க இன்னொருவரை நியமிக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் அறிவிப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். பொறியியல் ஆசிரியருக்கும் வார்டில் கழிக்கும் நேரம் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். பதவி உயர்வு விதிகளும் மாற வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் விதி, எட்டுப் பேர் சேர்ந்து உழைக்கும் வேலையில் பின்வரிசைப் பெயர்களைத் தண்டிக்கிறது. கருவியின் கணக்கைப் போட்டவர் ஐந்தாவது இடத்தில் இருந்தால் அவர் உழைப்பு குறைந்துவிடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அறிமுகம் செய்துவைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2006இல் 12 மையங்களில் தொடங்கிய திட்டத்தில் இதற்கென ஆட்கள் இருக்கிறார்கள். யாருக்கு யார் தேவை என்று கேட்டறிந்து சேர்த்துவைப்பது, நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது, புள்ளியியலாளரை முதல் நாளிலேயே உட்கார வைப்பது, காப்புரிமையில் யாருக்கு என்ன பங்கு என்பதைச் சண்டை வருவதற்கு முன்பே எழுதிவைப்பது எல்லாம் அவர்களுடைய பணி. கல்யாணத் தரகர் இரு வீட்டாரின் பேச்சையும் புரிந்துகொள்வதைப்போல அவர் இரு துறையின் பேச்சையும் புரிந்துகொள்ள வேண்டும். அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, மருத்துவமனையில் சில ஆண்டுகள் பணியாற்றிய இளைஞர்கள் தமிழ்நாட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஏற்ற பணி.

மருத்துவக் கல்லூரிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் என்று வைத்தாலும் ஒரு எம்.ஆர்.ஐ. கருவியின் விலையில் மாநிலத்தின் எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் கணிசமான காலம் சம்பளம் கொடுத்துவிடலாம். பட்ஜெட்டில் அதற்கு இடம் ஒதுக்கும்போது சென்னையை விட்டுவிட்டு மதுரை, கோவை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று தொடங்குவது நல்லது. அந்த ஊர்களில் பெரிய அரசு மருத்துவமனையும் பொறியியல் கல்லூரிகளும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையும், விழிக்குள் வைக்கும் லென்ஸை 1992 முதல் குறைந்த விலையில் தயாரிக்கும் ஆரோலேபும் இருக்கின்றன. மருத்துவரும் தொழிற்சாலையும் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அங்கே போய்ப் பார்த்துவர அரசு மருத்துவக் கல்லூரி டீனுக்கு அரை நாள் போதும்.