சீமையில் கிடைக்காத கதவு

சங்கரன்கோவிலில், "தேரைச் செய்து எத்தனை வருஷமாயிற்று?" என்று கேட்பவர் சிலர், "தேர் இவ்வருஷம் நன்றாக ஓடுமா?" என்று கேட்பவரே பலர். ஆடித் தபசுத் திருவிழாவில் கோமதி அம்பாளின் தேர் நிலையை விட்டு நகர வேண்டுமானால், முன்னதாகத் தச்சர் மரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கொல்லர் இரும்பைச் சோதிக்க வேண்டும். ஓடினால்தான் அது தேர். இல்லாவிட்டால் வெறும் மரக் குவியல். பழைய மோட்டார் வண்டியைப் பற்றியும் நாம் இவ்வாறே எண்ண வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பழைய மோட்டார் என்றதும் ராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் நினைவுக்கு வரும். அவற்றைப் போற்றுவதற்குச் செல்வர்கள் இருக்கிறார்கள், காட்சிசாலைகளும் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது, ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய எளிய வண்டியைப் பற்றி. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுதான் அது.

இதன் மூலம் இங்கிலாந்தில் 1959-ல் பிறந்த டிரயம்ப் ஹெரால்டு. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. அவ்வண்டியைச் செய்தவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. அதுவரை கூடு செய்து கொடுத்து வந்த கம்பெனி, போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. ஆகவே கூட்டைப் பல துண்டுகளாகச் செய்வித்து, சேஸிஸின் மேல் போல்ட்டுகளால் முடுக்கினார்கள். அன்றைய சங்கடம் இன்று பழுது பார்ப்பவனுக்குப் பாக்கியமாயிற்று. துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றி எடுக்கலாம். பானெட்டோ முன்சக்கரங்களின் மூடிகளோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைச் சுகமாகப் பார்க்கலாம். ஆனால் கூட்டைக் கழற்றுமுன், கதவுகளைச் சுற்றியுள்ள இடைவெளியை அளந்து கொள்ள வேண்டும். ஒவ்வொரு போல்ட்டின் கீழும் எத்தனை தகட்டுத் துண்டுகள் செருகியிருக்கின்றன என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இதை மறந்தவர் வண்டியில், பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது!

உதிரிப் பாகங்களுக்கு எங்கே போவது? பெருங்களத்தூரில் 1988-ல் கார் உற்பத்தியே நின்றுவிட்டது. எனினும் இங்கிலாந்தில் டிரயம்ப் அபிமானிகள் ஏராளம். அவர்களுக்காகப் பிரேக், கிளட்ச், எஞ்சின் சாமான்கள் அங்கே இன்றும் விற்பனைக்கு வருகின்றன. பணத்தைக் கட்டினால் பார்சல் வந்து சேரும்.

ஆனால் ஒரு பொருள் மட்டும் அங்கே கிடைக்காது. சீமை ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பட்டுப் புடவையும் பலகாரக் கூடையுமாக நம் வீட்டுப் பெரியவர்கள் முன் ஆசனத்தைச் சாய்த்துப் பின் ஆசனத்துக்குப் போவது எவ்வளவு அவஸ்தை! சென்னைக் கம்பெனியார் 1968-ல் நான்கு கதவு ஹெரால்டைக் கொண்டு வந்தார்கள். இந்தியாவில் மட்டுமே பிறந்த உருவம் அது. அதன் பின்கதவு துருப்பிடித்துப் போனால் லண்டனுக்கு எழுதிப் பயனில்லை. நம் ஊர்ப் பட்டறையில், பழைய கதவை மாதிரியாக வைத்துத் தகடு வெட்டி, சுத்தியால் தட்டி வளைவெடுக்கும் டிங்கர்தான் அதைச் செய்து தர வேண்டும். பட்டியை அப்பி மறைப்பவரால் ஆகாது. தகட்டைக் கையால் தடவியே மேடு பள்ளம் அறிபவரால்தான் ஆகும். அத்தகையவரின் அருகில் நின்று கற்றுக்கொள்ள இளைஞன் ஒருவன் வேண்டாமா? வண்டியில் நமக்கே உரியது எதுவோ, அதை நாம்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். முதற் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகி, அசல் உருவம் மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு மத்திய அரசாங்கம் 2021-ல் தனி விதி வகுத்தது. புதிதாகப் பதிவு செய்ய ரூபாய் 20,000 கட்டணம். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு, எண்ணெய் நிரப்புதல் ஆகியவற்றுக்காக ஓட்டலாம். தினசரிப் பிரயாணத்துக்கு இப்பதிவு இடந்தராது. விதியை வாசித்தறிந்த பிறகே விண்ணப்பம் எழுதுவது நலம்.

அதற்காக வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைத்தால், அதைக் கொல்லுவதற்கு வேறு சத்துரு வேண்டாம். பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுத்து உள்ளே துருவை வளர்க்கும். இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது வரை எரிசாராயம் கலந்து வருகிறது. அது பழைய ரப்பர்க் குழாயை அரித்துவிடும். ஆதலால் அதைத் தாங்கும் புதுக் குழாய் மாற்றுவது அவசியம்.

ஓட்டுவதிலும் ஒரு படிப்பு உண்டு. 948 கன சென்டிமீட்டர் எஞ்சினிடம் அவசரம் செல்லாது. முதல் கியருக்குச் சின்க்ரோமெஷ் இல்லை. வண்டி நின்ற பிறகே போட வேண்டும். வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்; பாதி வளைவில் திடீரென்று காலை எடுத்தால் பின்சக்கரங்கள் உள்ளே மடங்கப் பார்க்கும். இவ்வளவும் கைவந்துவிட்டால் அப்புறம் ஆனந்தந்தான்! சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது; ரத வீதி முனைகள் அதற்கு விளையாட்டு. விடியற்காலையில் புளியங்குடிச் சாலையில் மேற்கு நோக்கிப் போனால், மெல்லிய தூண்களுக்கிடையே உள்ள அகன்ற கண்ணாடியில் மலைத்தொடர் முழுவதும் தெரியும்.

நான்கு கதவு ஹெரால்டு ஒன்று உங்கள் உறவினர் வீட்டு வேப்பமரத்தடியில் கிடக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், முதிர்ந்த டிங்கர் ஒருவரை அழைத்து அதைக் காட்டுங்கள். அவர் வரும்போது, வீட்டுப் பையன்களையும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.