ஜாவாவை லினக்ஸிலும் ஓட்டிப் பாருங்க!



மூலக்கொத்தளத்துக்காரர்களுக்குக் கன்டெய்னரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி பிரிக்காமலே லாரியில் ஏறும், ரயிலிலும் ஏறும். ஜாவாவும் அப்படித்தான். கம்பைலர் தரும் பைட்கோடு, ஜே.வி.எம். இருக்கிற எந்தக் கணினியிலும் ஓடும். 1995-ல் சன் நிறுவனம் அதை அப்படிச் சொல்லித்தான் வெளியிட்டது.

ஆனா நாம எங்கே ஓட்டிப் பார்க்கிறோம்? விண்டோஸில் மட்டும்தானே! தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தே பார்க்காமல் அழித்துவிட்டு, சினிமா வைக்க இடம் பண்ணிக்கொண்டவர்கள் எத்தனை பேர்!

"எங்கேயும் ஓடும்னா லினக்ஸ் எதுக்கு?" என்று கேட்கலாம். பைட்கோடு ஓடும், நம்ம பழக்கம் ஓடாது. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் விண்டோஸ் கண்டுக்காது. லினக்ஸோ 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று கைவிரித்துவிடும். 'சி' டிரைவ் என்று உள்ளேயே எழுதிவைத்த புரோகிராமும் அங்கே நின்றுவிடும். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ்தான். அங்கே போய் முழிக்கணுமா?

இதற்குச் செலவும் இல்லை. ஜாவாவின் மூலநிரலைத் திறந்துவிடுவதாக 2006-ல் சன் அறிவித்தது. அதில் பிறந்த ஓப்பன் ஜே.டி.கே. இலவசம், லினக்ஸும் இலவசம். பழைய கணினியே போதும்.

ஆகவே, இறுதியாண்டு பிராஜெக்ட் ஒவ்வொன்றையும் லினக்ஸிலும் ஒருமுறை ஓட்டிக் காட்டணும் என்று நமக்கு நாமே ஒரு விதி வைத்துக்கொள்வோம். செய்வோமா?