மானின் வயிற்றில் பொலித்தீன்



விடுமுறை கிடைத்தால் தோட்டத்தில் பலரும் காசு சேர்த்து வான் பிடித்துத் திருகோணமலைக்குப் போகிறோம். கோணேசரைக் கும்பிடுகிறோம், நிலாவெளியில் கடல் குளிக்கிறோம். பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதுமே புள்ளிமான்கள் நம் கையைப் பார்த்து நெருங்கி வருகின்றன. பிள்ளைகள் பிஸ்கட்டை நீட்டுகிறார்கள். வெறும் பக்கற் தரையில் விழுகிறது. சோறும் உப்பும் ஒட்டிய பொலித்தீனை மான் வாசனைக்காகவே தின்னும். அசைபோடும் மிருகத்தின் இரைப்பையில் அது செரிக்காது. திரண்டு உருண்டு அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்ததுபோல இருக்க, மான் பட்டினியால் சாகும். திருகோணமலை நகரில் இப்படி மான்கள் இறந்த செய்தியைப் பலமுறை வாசித்துவிட்டோம்.

புறாத்தீவின் கதையும் இதுதான். 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆனால் அங்குள்ள பவளத்தை வெறும் கல் என்று நினைத்து அதன்மேல் ஏறி நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது உயிருள்ளது. ஒரு மிதியில் உடைவது மறுபடி வளர ஆண்டுகள் பல ஆகும்.

ஆகவே நம் பழக்கம் மாறவேண்டும் என்பதில் சங்கத்துக்கு மறுப்பில்லை. குப்பை போடுகிறவன் ஏழை என்பதால் மானுக்கு வலி குறையப் போவதில்லை.

ஆனால் பழக்கத்தை மட்டும் பேசிவிட்டு அரசு கைகழுவ முடியாது. 20 மைக்ரோனுக்கு மெல்லிய பொலித்தீன் 2007இலேயே தடைசெய்யப்பட்டது. கடையில் அது தொடர்ந்து கிடைத்தது. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபிறகுதான், அந்த செப்டெம்பரில் லஞ்ச் சீற்றும் ரெஜிபோம் பெட்டியும் தடைக்கு வந்தன. செய்கிறவனையும் விற்கிறவனையும் விட்டுவிட்டு, வாங்குகிறவனுக்கு மட்டும் புத்தி சொல்லும் கொள்கை எத்தனை நாளைக்கு ஓடும்?

2021 மார்ச்சைப் பாருங்கள். நம் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானி வந்த அதே மாதக் கடைசியில், உணவும் மருந்தும் அல்லாத 20 மில்லிலீற்றர் வரையிலான சாஷே பக்கற்றுகளும் தடைசெய்யப்பட்டன. நல்ல தடைதான். ஆனால் ஷாம்பு சாஷேயை நம் பெண்கள் வாங்கியது ஆசைக்கா? போத்தலாக வாங்க ஒரே தடவையில் கையில் காசு இருந்ததில்லை. பழக்கம் என்று அவர்கள் சொல்வதில் பாதி, சம்பளம்.

இன்னொன்று. ஊரில் பிரதேச சபையின் குப்பை வண்டி வரும், லயத்துக்கு வராது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை பணம் செலவிடுவதற்குச் சட்டமே தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதன்பிறகும் வண்டி எட்டிப்பார்க்காத தோட்டங்களில் மக்கள் பொலித்தீனை எரிக்கிறார்கள், அல்லது ஓடையில் எறிகிறார்கள். மலையின் ஓடை ஆறாகிறது. மகாவலி கடலில் சேருவது திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவில்.

எனவே தோட்டக் கமிட்டிகள் இரண்டு வேலையைச் சேர்த்தே செய்யட்டும். உங்கள் லயத்துக்குக் குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று பிரதேச சபையிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலின் பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். அடுத்த யாத்திரைக்கு வான் புறப்படும்போது சோற்றை வாழையிலையில் கட்டுங்கள், குப்பைக்கு ஒரு உரச்சாக்கையும் வண்டியில் போடுங்கள்.