மாடு என்ன தின்றது?

மேயப் போன மாடு வாயில் நுரை தள்ளிக் கீழே விழுந்தால் வீட்டில் முதலில் எழும் குரல், "எதையாவது ஊத்துங்க" என்பதுதான். நல்லெண்ணெய், புளிக்கரைசல், வெல்லத் தண்ணீர், மோர் என்று கைக்கு எட்டியது மூங்கில் குழாயிலோ கண்ணாடிப் பாட்டிலிலோ நிரம்பும். இருவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவர் ஊற்றுவார். குடும்பத்தின் பால் வருமானமே தரையில் கிடக்கும்போது சும்மா நின்று பார் என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பரபரப்பில் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகும் கேள்வி ஒன்று உண்டு: அது என்ன தின்றது? விஷம் தின்ற கால்நடைக்கு உரிமையாளர் செய்யக்கூடிய முதல் வைத்தியம் அதற்கு விடை தேடுவதுதான். விடை தெரியாமல் ஊற்றுவது வைத்தியமே அல்ல.

இரண்டு சாதாரண விபத்துகளை எடுத்துக்கொள்வோம். வயலுக்கு வாங்கி வைத்த யூரியா மூட்டையை மாடு நக்கிவிடுகிறது, அல்லது யூரியா கரைத்த வாளித் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. வயிறு காரத்தன்மை அடைகிறது, அம்மோனியா வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. இதற்குக் கால்நடை மருத்துவர்கள் கொடுப்பது வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும். இன்னொரு வீட்டில், கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றையோ பொங்கலையோ மாடு வயிறு முட்டத் தின்றுவிடுகிறது. அங்கே நடப்பது நேர் எதிர். மாவுச்சத்து புளித்து வயிறு அமிலக் கிடங்காகிறது. அதை முறிக்கச் சோடா உப்பு தேவை. இரண்டு மாடுகளும் வயிறு உப்பித் தடுமாறும், அசை போடாது. பார்க்கிற கண்ணுக்குப் பெரிய வேறுபாடு இல்லை. முதல் மாட்டைக் காப்பாற்றக்கூடிய அமிலம் இரண்டாவதின் வயிற்றில் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் சோளக்காட்டில் இருக்கிறது. பூக்காத இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடி நின்று மழை கண்டதும் தளிர்க்கும் பயிரிலும், அறுத்த தாளில் விடும் மறுதளிரிலும் சயனைடை விடுவிக்கும் பொருள் மிகுதி. சேலம், நாமக்கல், தருமபுரி பக்கம் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியின் இலையிலும் தோலிலும் இதே ஆபத்து உண்டு. அசைபோடும் விலங்கின் பெருவயிறே அந்தப் பொருளை உடைத்துச் சயனைடை வெளியே எடுத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், ஆனால் உடலின் செல்களால் அதைப் பயன்படுத்த முடியாது. ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கையிலேயே மாடு மூச்சுத் திணறிச் சாகும். நிறைய உரம் போட்டு, பிறகு மழையில்லாமல் காய்ந்த சோளத்தில் நைட்ரேட்டும் சேரக்கூடும். அதில் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே இழந்து காப்பி நிறமாகிறது. சயனைடுக்கு மருத்துவர் ஊசி வழியே செலுத்தும் மருந்துகளில் ஒன்று சோடியம் நைட்ரைட். அது வேலை செய்வதே ரத்தத்தை ஓரளவு அந்தக் காப்பி நிறத்துக்குக் கொண்டுபோவதன் மூலம்தான். நைட்ரேட் விஷம் ஏறிய மாட்டுக்கு அதே ஊசியைப் போட்டால் கதை முடிந்துவிடும். அதற்கு வேண்டியது மெத்திலின் புளூ. படித்த மருத்துவருக்கே தின்ற பயிர், அதற்கு இட்ட உரம், மழை பெய்த நாள் எல்லாம் தெரிந்தால்தான் கை துணியும் என்றால், அடுப்பங்கரை டப்பாவிலிருந்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதை என்னவென்று சொல்வது? (காயவைத்த தட்டையில் சயனைடு வெகுவாகக் குறையும். நைட்ரேட் குறையாது. காய்ந்ததெல்லாம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பாதிதான் சரி.)

ஊற்றும் செயலிலேயே தனி ஆபத்தும் உண்டு. மாடும் ஆடும் நம்மைப் போல் வாந்தி எடுத்து விஷத்தை வெளியேற்ற முடியாதவை. ஆகவே 'கக்க வைக்கும்' கைவைத்தியங்களுக்கு இங்கே வேலையில்லை. விஷம் ஏறிய விலங்குக்கு விழுங்கும் சக்தி தளர்ந்திருக்கும். தலையைத் தூக்கி ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால், விஷத்திலிருந்து தப்பிய மாடும் சில நாள் கழித்து நிமோனியாவில் சாகும். பழி மட்டும் விஷத்தின்மேல் விழும். சில பூச்சிமருந்துகள் கொழுப்பில் கரைபவை. எண்ணெய் அவற்றை உடலுக்குள் இன்னும் வேகமாக ஏற்றிவிடும்.

"வெல்லத் தண்ணீர் கொடுத்துத்தானே பக்கத்து வீட்டு மாடு எழுந்தது?" என்ற மறுப்பு வரும். எழுந்திருக்கலாம். ஆனால் சயனைடு தின்ற விலங்கு அறிகுறி தெரிந்து இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே தேறிவிடும். குறைவாகத் தின்ற மாடு பிழைக்கிறது, பெயர் வெல்லத்துக்குப் போகிறது. நிறையத் தின்றது வெல்லம் கரைவதற்குள் செத்திருக்கும். அதைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விடுமே என்பது இதைவிட வலுவான மறுப்பு. சில நேரம் போகத்தான் செய்யும். அதனால்தான் கையில் உள்ள நிமிடங்களைத் தகவலுக்குச் செலவிடச் சொல்கிறேன். கால்நடை அவசர உதவி எண்ணான 1962-ஐ அழைத்து, "மாடு சுருண்டு விழுந்துடுச்சு" என்பதோடு நிறுத்தாமல், என்ன தின்றது, ஏறக்குறைய எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொன்னால் மருத்துவர் சரியான மருந்தோடு புறப்படலாம். யூரியாதான் என்று உறுதியாகி, மாடு நின்றுகொண்டு நன்றாக விழுங்கவும் செய்தால், வினிகர் கொடுக்கும்படி போனிலேயே சொல்லலாம். மற்ற மாடுகளை அந்த இடத்திலிருந்து ஓட்டுங்கள். விழுந்த மாட்டை ஓடவிடாமல், பக்கவாட்டில் கிடக்கவும் விடாமல், நெஞ்சு தரையில் படிய உட்காரவைத்தால் வயிற்றுக் காற்று வெளியேற வழி கிடைக்கும். பூச்சிமருந்துப் புட்டியைத் தூக்கி எறியாதீர்கள். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அதன் லேபிளில் மாற்றுமருந்து அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்கும். உமிழ்நீர் ஒழுகி, கண்மணி சுருங்கி, உடல் நடுங்கும் மாட்டுக்கு அட்ரோபின் போடலாமா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த லேபிள் போதும்.

சொல்லப்படாத தடை ஒன்றும் இருக்கிறது. மாடு அடுத்தவர் காட்டில் மேய்ந்திருக்கும், அல்லது உண்ணிக்கு வயல் மருந்தைப் பூசியிருப்பார்கள். சண்டைக்கும் வசவுக்கும் பயந்து "வழக்கமான தீவனம்தான்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவரும் இதை விசாரணை போல் கேட்காமல் இருக்கப் பழக வேண்டும். அரசின் பங்கும் உண்டு. இளஞ்சோளமும் மரவள்ளியும் நிற்கும் வட்டாரங்களில் அந்தப் பருவம் முழுக்கச் சயனைடு முறிமருந்து ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இருப்பில் இருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சரியான தகவல் வந்து சேர்ந்தும் மருந்து அலமாரி காலியாக இருந்தால் பயனில்லை.

இன்று மாலை பால் கறந்து முடித்ததும் தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் 1962 என்று எழுதுங்கள். அதன் கீழே மூன்று சொற்கள்: என்ன, எவ்வளவு, எப்போது.