புதுவைக்கு ஒரு மலை உண்டு

‘உங்கள் ஊரில் மலை உண்டா?’ என்று புதுவைக்காரரைக் கேட்டால் நகைப்பார். கடல் உண்டு, நேர்க்கோடுகளாய் அமைந்த வீதிகள் உண்டு, மேடு என்று சொல்லிக்கொள்ளக் கோரிமேடு உண்டு, மலை என்று சுட்ட ஒன்றுமில்லை. மலை காணும் ஆசை எழுந்தால் ஏற்காட்டுக்கோ உதகைக்கோ பேருந்து ஏறுவதே நம் வழக்கம். அண்மைக் காலத்தில் வசதி படைத்தோர் சிலர் நாசிக் வரை சென்று திரும்புகின்றனர். காலையில் ஒரு சிறு குன்றின் உச்சி ஏறி, கீழே பரந்த திராட்சைத் தோட்டங்களைக் கண்டு, மாலையில் அங்கேயே வடித்த மதுவைச் சுவைத்து வருவது இன்று ஒரு நாகரிகம். அதில் குறை காண நமக்கு எண்ணமில்லை. ஆனால் நாசிக்கின் குன்றேறுபவர் பெறுகின்ற ஒன்றை, நம் வாசற்படியிலேயே இருக்கும் குன்றுகளிலிருந்து நாம் பெறத் தவறிவிட்டோம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாசிக் நிலம் எரிமலை ஈன்ற நிலம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த குழம்பு அடுக்கடுக்காய் இறுகியதே தக்காணத்தின் கரும்பாறை. அது சிதைந்து மண்ணாயிற்று; அம்மண்ணில் கொடி படர்ந்தது; கொடி கனியாகி மதுவாயிற்று. உச்சியில் நிற்பவர் இந்தத் தொடர்பு முழுவதையும் ஒரே பார்வையில் காண்கிறார். தாம் பருகப்போகும் கிண்ணத்துக்கும் தாம் மிதித்து நிற்கும் பாறைக்கும் உள்ள உறவு அவருக்கு விளங்குகிறது. ஜெர்மனியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, ரைன் சமவெளியிலிருந்து எழும் கைசர்ஸ்டூல் என்னும் பழைய எரிமலைத் தொகுதியும் இத்தகையதே. அதன் மிக உயர்ந்த முகடும் 557 மீட்டர்தான். உயரத்தை அளந்து பெருமை பேச அங்கே எவரும் ஏறுவதில்லை. தம் ஊர் எதன்மேல் நிற்கிறது, எதை உண்டு வாழ்கிறது என்பதைக் காணவே ஏறுகின்றனர். குன்றின் உச்சி என்பது ஓர் ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் இடம் என்று இதனைச் சொல்லலாம்.

அவ்வாறாயின் புதுவை தன்னைப் பார்த்துக்கொள்ளும் இடம் எது? செஞ்சி என்பதே நம் விடை.

செஞ்சி நம் ஊரிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். விழுப்புரம் மாவட்டம், ஆகவே தமிழ்நாடு. நிருவாக எல்லை அவ்வாறு இருக்க, இயற்கை வேறு கணக்கு வைத்திருக்கிறது. செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைக் கடந்து, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியே நம் கடலில் கலக்கிறது. ஊசுட்டேரிக்கு நீர் தரும் வாய்க்காலும் அந்த ஆற்றிலிருந்துதான் பிரிகிறது. மத்தியதரைக்கடல் நாடுகளின் மதுச்சாடிகள் வந்திறங்கிய அரிக்கமேடு இந்த ஆற்றின் கிளை ஒன்றின் கரையிலேயே அமைந்திருக்கிறது. கடல் வழி வந்ததை மட்டுமே நம் வரலாறாகப் படிக்கிறோம்; ஆற்றின் வழி வந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசியல் வரலாறும் அப்படியே. பிரான்சுவா மர்த்தேன் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினார். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியதும், இங்கே தொடர்ந்து இருக்க மராட்டியரின் இசைவை நாடும் நிலை அவருக்கு நேர்ந்தது. செஞ்சியை ஆள்பவரே கடற்கரையில் யார் கடை விரிப்பது என்று முடிவு செய்த காலம் அது. பின்னர் 1750இல் புஸ்ஸி ஓரிரவில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அவர் பெயரால் நம் ஊரில் ஒரு வீதி அமைந்தது. பெயர்ப்பலகை மாறிய பின்னும் மக்கள் நாவில் அது ‘புஸ்ஸி வீதி’தான். 1761இல் புதுவை வீழ்ந்தது. அதே ஆண்டில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒன்றின் தலைவிதி மற்றொன்றின் தலைவிதியாக இருந்த இரண்டு ஊர்கள் இவை. இதில் ஒரு பகுதிக் காலத்தை, 1736 முதல் 1761 வரை, தமிழில் நாட்குறிப்பாக எழுதி வைத்தவர் நம் ஆனந்தரங்கப் பிள்ளை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் நெடிய கருங்கல் தூண்களைக் கருத வேண்டும். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொண்டுவரப்பட்டவை. வார இறுதியில் வருவோர் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். ‘பிரெஞ்சு நகரம்’ என்னும் தலைப்பில் அப்படங்கள் ஊரெங்கும் உலவுகின்றன. செஞ்சியின் கல் புதுவையின் முகமாகி நிற்கிறது. அம்முகத்துக்கு உரிய உடலை எவரும் தேடுவதில்லை.

உடலைக் காண ராஜகிரி ஏற வேண்டும். தரையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் விடியலில் தொடங்கினால் வெயில் ஏறும் முன் உச்சியை அடையலாம். கமலக்கண்ணியம்மன் கோயிலைக் கடந்ததும் படிகள் செங்குத்தாகின்றன. குரங்குகள் கைப்பையை மோப்பம் பிடிக்கும். இறுதியில் உச்சிப் பாறையை மலையினின்றும் பிரிக்கும் ஆழ்ந்த பிளவு. அதன் குறுக்கே சிறு பாலம். அப்பாலத்தை எடுத்துவிட்டால் கோட்டை தனித் தீவாகிவிடும். முகலாயப் படை 1690 முதல் எட்டாண்டுகள் இக்கோட்டையைச் சூழ்ந்து கிடந்தது ஏன் என்பதை எந்தப் பாடநூலைவிடவும் அப்பிளவு தெளிவாகச் சொல்லும்.

உச்சியில் நின்று கிழக்கே நோக்குக. ஏரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் சரிந்து செல்வதும், அவற்றை அடுத்து வயல்கள் விரிவதும் காணலாம். யாரோ குவித்து வைத்தாற்போன்ற உருண்டைப் பாறைக் குன்றுகள் எங்கும் நிற்கின்றன. நாசிக்கின் கரும்பாறை இவற்றின்முன் நேற்றுப் பிறந்த குழந்தை. செஞ்சிக் கருங்கல்லின் வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மராட்டியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக ஏற்றபோது, பதினொன்று மகாராட்டிரத்தில் இருக்க, அங்கிருந்து நெடுந்தொலைவில் தனித்து நின்ற பன்னிரண்டாவது நம் செஞ்சி. சுற்றுலாப் பலகையில் அச்செய்தி ஏறிவிட்டது. நம் மனத்தில் ஏறியதா என்பதே வினா.

செஞ்சியோடு முடிவதும் அன்று. போகும் வழியில் மயிலம்: முருகன் குடிகொண்ட சிறு குன்று, அடிவாரத்தில் தமிழ்க் கல்லூரி. செஞ்சிக்கு அருகே சிறுகடம்பூரில் திருநாதர்குன்று: ஒரே பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமணத் துறவிக்கு ஒரு கல்வெட்டு. தமிழி எழுத்து வட்டெழுத்தாக உருமாறிய காலத்தின் சான்று அது. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் பக்கத்தில் மண்டகப்பட்டு: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எடுத்த கோயில் என்று மகேந்திரவர்மன் பொறித்து வைத்த குடைவரை. இன்னும் தெற்கே பனைமலை: இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில், சிற்றாலயச் சுவரில் உமையின் ஓவியம், கீழே ஏரி. இவற்றுள் எதுவும் மூச்சுத் திணற ஏறவேண்டிய உயரமன்று. முதியோரும் சிறுவரும் அரை மணியில் ஏறிவிடலாம்.

மலையேறிச் சுற்றுமுற்றும் பார்த்து மகிழ்வது ஐரோப்பியர் கற்றுத்தந்த பழக்கம் என்றும், நாம் மலையை வலம் வந்தோமேயன்றி ஏறிப் பார்க்கவில்லை என்றும் கூறுவார் உண்டு. பெத்ரார்க் 1336இல் வாந்தூ மலை ஏறியதை அதற்குத் தொடக்கமாகக் காட்டுவர். தமிழ் படித்தோர் இதனை அப்படியே ஏற்க இயலாது. பத்துப்பாட்டின் மலைபடுகடாம் 583 அடிகளில் கூத்தர்க்கு மலைவழி காட்டும் நூல். அதன் களம் எங்கோ இல்லை. நன்னனின் செங்கண்மாவும் சேயாறும் செஞ்சிக்கு மேற்கே உள்ள நிலம். எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி கிடக்கும், தினைப்புனம் காப்போரின் கவண்கல் எங்கே வரும் என்றெல்லாம் அது எச்சரிக்கிறது. குறவரும் திகைக்கும் இடத்தில் வழி தவறினால் அங்குமிங்கும் அலையாமல் அகன்ற பாறையில் கூடி நின்று இசைக்கருவிகளை முழக்குங்கள், மலைவாழ்நர் வந்து துணை செய்வர் என்கிறது. இதைவிட நல்ல மலையேற்றக் கையேடு இன்றும் எழுதப்படவில்லை என்பது நம் துணிபு.

அந்நூலின் பெயரையே எண்ணிப் பாருங்கள். மலையை யானையாக்கி, அதனிடத்து எழும் ஒலிகளை மதமாக்கிச் சூட்டிய பெயர் அது. அருவி ஒலி, விலங்கின் ஒலி, உழைப்போர் ஒலி என்று மலையைக் காதால் கேட்ட மரபு நம்முடையது. ‘வியூ பாயிண்ட்’ என்று பலகை நட்ட இடத்தில் இரண்டு நிமிடம் நின்று, படம் பிடித்து, இறங்கிவிடும் இன்றைய வழக்கம் அம்மரபுக்கு அயலானது.

இன்று அக்குன்றுகளில் எழும் ஒலி யாது? திருவக்கரைப் பக்கம் சென்றோர் அறிவர். பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மனைத் தொழப் புதுவையினர் திரளாகச் செல்லும் ஊர். கல்லாய்ச் சமைந்த மரங்களைப் புவியியல் துறை காத்து வரும் பூங்காவும் அங்கே உண்டு. அதைச் சூழ்ந்த வட்டாரத்தில் கல் குவாரிகள். ஜல்லி உடைக்கும் கிரஷர்கள். வெண்புழுதி படிந்த பனைகள். அந்த ஜல்லி எங்கே போகிறது என்று லாரியைப் பின்தொடர்ந்தால் நம் ஊர் வந்து சேரலாம். அன்று தூணாக வந்த கல் இன்று ஜல்லியாக வருகிறது. தூணையாவது செஞ்சிக்கல் என்று சொல்ல முடிகிறது. தளத்துக்குள் புதைந்த ஜல்லிக்கு எந்தக் குன்றின் பெயரும் இல்லை.

வீடு கட்டாமல் இருக்க முடியுமா, குவாரியில் உழைப்போர் பிழைப்பு என்னாவது என்று நண்பர்கள் கேட்பர். நியாயமான கேள்வி. கல்லே எடுக்கலாகாது என்று நாம் வாதிடவில்லை. எந்தக் குன்று போகலாம், எது நிற்க வேண்டும் என்று சொல்லும் தகுதி அக்குன்றை அறிந்தவர்க்கே உண்டு. அறிந்தவர் தொகை குறைந்துவருகிறது என்பதே நம் கவலை. அறிவிக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்றும் 2010இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் பாறைக்கு யார் சாட்சி? அதன் இடுக்கில் இன்னும் படிக்கப்படாத ஓர் எழுத்தோ, நடுகல்லோ இருக்குமாயின் அதைக் காண யார் ஏறுவார்?

கூட்டம் சேர்ந்தால் குன்று கெடும் என்பாரும் உளர். பாறையில் காதலர் பெயர் பொறிப்பதையும், சுனையில் நெகிழிக் குப்பி மிதப்பதையும் நாமும் கண்டிருக்கிறோம். எழுதுவோர் பெரும்பாலும் தாம் எதன்மேல் எழுதுகிறோம் என்று அறியாதவர்கள். கல்வெட்டு இன்னதென்று வாசித்துக் காட்டிய பின் அதன்மேல் கரிக்கோடு இழுத்த மாணவரை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

ஆதலின் நம் கோரிக்கை எளியது. புதுவையின் தமிழ்த்துறைகள் குறிஞ்சித் திணையை வகுப்பறையில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பட்டியலிட்டு முடித்துவிடாமல், ஆண்டுக்கு ஒரு குன்றேனும் மாணவர்களை ஏற்ற வேண்டும். கையில் மலைபடுகடாம் ஒரு படி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஒருவர். வழிகாட்ட அவ்வூர்க்காரர் ஒருவர். பெண் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்வதெப்படி என்று தயங்கும் நிருவாகங்களுக்கும் ஒரு சொல்: கமலக்கண்ணியம்மனுக்கு நேர்ந்துகொண்டு அப்படிகளை ஏறும் பெண்கள் எந்தக் கல்லூரியின் அனுமதிக்கும் காத்திருந்தவர்கள் அல்லர்.

மாணவர் ஏறட்டும். மேற்கே அண்ணாமலை தெரிகிறதா என்று தேடட்டும். கிழக்கே சங்கராபரணி போகும் திசையைக் கையால் காட்டட்டும். காந்தி சிலைத் தூண்கள் எந்தக் கல்லின் உடன்பிறப்பு என்று தொட்டுப் பார்க்கட்டும். பிறகு சற்றுநேரம் பேசாமல் அமர்ந்து, எந்தத் திசையிலிருந்து வெடியோசை வருகிறது என்று கேட்கட்டும். அவர்களுள் ஒருவரேனும் ஊர் திரும்பியதும் அது எந்தக் குன்று என்று விசாரித்துப் போவாராயின், அவ்வாண்டுப் பாடம் நிறைவுற்றதாக நாம் கொள்வோம்.