குருத்தெலும்பின் 'குறை' காதுக்கு நிறை

"குருத்தெலும்பில் இரத்தக்குழாய்கள் இல்லை, அதனால் காயம் மெதுவாகவே ஆறும்." தேர்வுக்காக இந்த வரியை மனனம் செய்யும் மாணவர்கள் பலர், அதைக் குருத்தெலும்பின் குறையாகவே நினைக்கிறார்கள். காது அறுவை மருத்துவர்களுக்கோ அந்தக் 'குறை'தான் கைகொடுக்கிறது.

நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் சங்கிலிபோல் இணைந்து, செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கவடியின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அதுவே. நாள்பட்ட காதுத் தொற்றில் பெரும்பாலும் அரிக்கப்படுவது பட்டடையின் மெல்லிய முனை. அங்கே இரத்த ஓட்டம் குறைவு என்பது அதற்கு ஒரு காரணம். சங்கிலி முற்றிலும் அறுந்தால் கேட்கும் திறன் 60 டெசிபல் வரை குறையலாம். நாம் சாதாரணமாகப் பேசும் ஒலியளவே ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய, எஞ்சிய பட்டடை எலும்பைச் செதுக்கி வைப்பார்கள். அல்லது டைட்டானியத் தண்டு ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரே தண்டு போதுமா என்று கேட்கலாம். பறவைகளின் நடுச்செவியில் ஒரே எலும்புதான். அவற்றுக்கும் நன்றாகவே காது கேட்கிறது. ஆனால், உலோகம் செவிப்பறையை நேரடியாகத் தொட்டால், நாளடைவில் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடக்கூடும். அதனால் இரண்டுக்கும் இடையே, நோயாளியின் காதிலிருந்தே எடுத்த மெல்லிய குருத்தெலும்புத் துண்டை வைக்கிறார்கள்.

வெட்டி எடுத்த திசுவுக்கு இரத்தம் கிடைக்காவிட்டால் அது பொதுவாக இறந்துவிடும். குருத்தெலும்போ, சுற்றியுள்ள திரவத்திலிருந்து ஊடுருவி வரும் சத்துகளைக் கொண்டே வாழப் பழகியது. ஆகவே புதிய இடத்திலும் பிழைத்துக்கொள்கிறது. சொந்தத் திசு என்பதால் உடலும் அதை எதிர்ப்பதில்லை. அதற்கும் எல்லை உண்டு: குருத்தெலும்பை மட்டுமே நீண்ட தண்டாக வைத்தால் காலப்போக்கில் அது மென்மையாகி வலுவிழக்கலாம்.

ஒரு பண்பு பலமா, பலவீனமா என்பது அது செய்யவேண்டிய வேலையைப் பொறுத்தது. 'இரத்தக்குழாய்கள் இல்லை' என்று எழுதினால் புள்ளி கிடைக்கும். 'அப்படியானால் இதை எங்கே பயன்படுத்தலாம்?' என்று கேட்பதுதான் அறிவியல் என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எவ்வளவு திறமையாகச் செய்தாலும், இந்தச் சீரமைப்பு நாம் பிறந்தபோது பெற்ற எலும்புச் சங்கிலிக்கு ஈடாகாது. காதில் சீழ் வடிந்தால், எண்ணெய் காய்ச்சி ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள், மாணவர்களே. பெற்றோரிடம் சொல்லி உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.